பதின்மூன்றாம் வாரம், ஏழரை மணி

"முடிவு தெரிஞ்ச கதையப் பாக்க இன்னாத்துக்கு நைனா இப்படி அடிச்சிக்கிறாங்கோ?"

மந்தைவெளியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் வயர்மேன் வெள்ளைச்சாமி இப்படிக் கேட்டபோது நான் ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். அவர் பதிலுக்காக நிற்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு, சைக்கிளில் ஏறி அபிராமபுரத்துக்கு டூட்டிக்குப் போய்விட்டார். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றாலே அவருக்குக் காலையிலிருந்தே முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

காரணம் ஒரு டிவி தொடர். 'செண்பகத் துறை' என்று ஒரு நாவல். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. மயிலாப்பூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில், பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்தெடுத்து பைண்டு செய்த பிரதி ஒன்று கட்டாயம் இருக்கும். கதை பெரிதில்லை. ஒரு ஆற்றுத் துறையில் படகு விடுகிறவரின் மகள் திலகவதி. அங்கே பாலம் கட்ட வருகிற அதிகாரி ரகுநாதன். பாலம் வந்தால் படகுக்கு வேலையில்லை. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்குகிறார்கள். கடைசியில் அவள் அந்தப் பாலத்தில் ஏறி நடந்து அவனிடம் வருகிறாள். இது எல்லாருக்கும் தெரியும். படிக்காதவர்களுக்கும் படித்தவர்கள் சொல்லித் தெரியும். ஆனாலும் அதைப் பதின்மூன்று வாரத் தொடராக எடுத்து, செவ்வாய் தோறும் ஏழரை மணிக்குப் போட ஆரம்பித்ததும் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்தால் பரவாயில்லை. வெள்ளைச்சாமியின் கஷ்டம் எழுந்திருக்கிறவர்களால் வந்தது.

அவர் பார்த்துக்கொண்ட தெருக்களுக்கு முனையில் இருக்கும் இரும்புப் பெட்டியிலிருந்துதான் கரண்ட் பிரிந்து போகும். பில்லர் பாக்ஸ் என்பார்கள். அதில் மூன்று பேஸ், அதாவது மூன்று லைன். மூன்றும் வீடுகளைப் பங்கு போட்டுக்கொண்டு சுமக்கும். கோடைக் காலத்தில் ஏழரை மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், சில வீட்டில் ஏசி, இவற்றோடு டிவியும் ஓடினால் ஒரு பேஸில் பியூஸ் போகும். அதைப் போட ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அபிராமபுரத்துப் பெரிய வீடுகளில் மூன்று பேஸும் உண்டு. ஒன்று போனதும் மீட்டர் பெட்டிக்கு ஓடி, கரண்ட் உள்ள இன்னொரு பேஸுக்குத் தங்கள் வீட்டை மாற்றிவிடுவார்கள். ஒரு வீடு செய்தால் தாங்கும். இருபது வீடு ஒரே சமயத்தில் செய்தால் அதுவும் போகும். பிறகு நாற்பது வீடும் மூன்றாவதுக்குத் தாவும். பத்து நிமிஷத்தில் தெரு முழுக்க இருட்டு.

வெள்ளைச்சாமி ஒவ்வொரு வாரமும் தெருவில் நின்று கத்துவார்.

"சார், பேஸ் மாத்தாதீங்க சார்! அஞ்சு நிமிஷம் குந்துங்க, நா போட்டுத் தர்றேன்! யம்மா, மாத்தாதீங்கோ!"

யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாம் ஏழு முப்பத்தொன்றுக்கு ஆபீஸில் அடிக்கிற போனில்தான் ஆரம்பிக்கும். முதல் போன் எப்போதும் விசாலாக்ஷி மாமியுடையது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். பில்லர் பாக்ஸுக்கு நேர் எதிர் வீடு.

"வெள்ளைச்சாமி, எங்காத்துல போயிடுத்துப்பா! இப்பத்தான் அவ படகை விட்டு இறங்கறா. சட்டுனு வா."

"வர்றேம்மா. நீங்க பேஸ் மாத்திட்டீங்களா?"

மாமி குரலைத் தணித்துக்கொள்வார்.

"ஒரே ஒரு தடவைதான் மாத்தினேன்."

"அதாம்மா போச்சு!"

"நான் மட்டுமா மாத்தினேன்? அடுத்தாத்து சாய்நாத் மாத்தலையா? அவனைப் போய்க் கேளேன்."

சைக்கிளில் போகும்போது, கரண்ட் போகாத தெருக்களில் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அதே வசனம் வரும். ஒரு வீட்டில் ரகுநாதன் கேட்கிற கேள்விக்கு நாலாவது வீட்டைத் தாண்டும்போது திலகவதி பதில் சொல்லுவாள். வெள்ளைச்சாமிக்கு ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும். கதையில் திருப்பம் வரும்போது அவருடைய இருட்டுத் தெரு வந்துவிடும். அங்கே வசனம் இருக்காது, வசவுதான். அவர் பியூஸைப் போட்டு நிமிர்ந்தால் மாமி வீட்டு ஜன்னல் கம்பி வழியாக டிவி தெரியும். அப்பாடா, இப்போதாவது பார்க்கலாம் என்று நின்றால் சோப்பு விளம்பரம் ஓடும். விளம்பரம் முடிவதற்குள் அடுத்த தெருவில் கரண்ட் போய்விடும். ஆறு வாரத்தில் அவர் முழுசாகப் பார்த்தது அந்த சோப்பு விளம்பரம் ஒன்றைத்தான்.

"பாட்டே மனப்பாடம் ஆயிட்ச்சு எனக்கு. ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சி கறுப்பா சிவப்பான்னு தெரியாது" என்று ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஹபீபுர் ரஹ்மானிடம் புலம்புவார்.

"உன் வூட்டு டிவியிலே எல்லாமே கறுப்புதான் மச்சி" என்பார் ஹபீப்.

வீட்டில் இருந்தது பதினாலு இஞ்ச் கறுப்பு வெள்ளை டிவி. மந்தைவெளியில் ஆறு குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் மூன்றாவது போர்ஷன். அவருடைய மனைவி சுந்தரவல்லி நொச்சிக்குப்பத்துப் பெண். மீனவர் வீடு. எட்டாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம், மீன் கொடுக்கப் போன ஒரு வீட்டில் பழைய 'செண்பகத் துறை' பைண்டைக் கொடுத்தார்களாம். திருப்பிக் கேட்கவேயில்லை. கல்யாணமாகி வரும்போது துணிமணியோடு அதையும் எடுத்து வந்தாள். அட்டை போய், முதல் இரண்டு அத்தியாயம் போய், இருந்தும் படிப்பாள். பதினாலு வருஷமாக வெள்ளைச்சாமி அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. "படகுக்காரி கதைய படகுக்காரி படிக்கிறே. இதுல எனக்கின்னா வேல?" என்று சிரிப்பார்.

தொடர் ஆரம்பித்த பிறகு புதன்கிழமைக் காலை, அவர் பழைய சோறு சாப்பிடும்போது, அவள் முந்தின நாள் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வெறும் கதையைச் சொல்லமாட்டாள். புத்தகத்தில் எப்படி, டிவியில் எப்படி என்று சண்டைக்குப் போவாள்.

"புக்குல அவ அப்பாருதான் மொதல்ல பாலத்த திட்டுவாரு. இவனுங்க அவளையே திட்ட வுட்டுட்டானுங்கோ. தப்பில்ல?"

"தப்புதான். ஊறுகா குடு."

"நீ இன்னாய்யா கதை கேக்குற லட்சணம்?"

ஒன்பதாவது வாரம் ஒன்று நடந்தது. அன்று அதிசயமாக ஏழே முக்கால் வரை கரண்ட் போகவில்லை. வெள்ளைச்சாமி பில்லர் பாக்ஸ் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு, மாமியின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாதி கட்டிய பாலம். அதன் முன்னால் அந்தப் பெண் நிற்கிறாள். ரகுநாதன் ஏதோ கேட்கிறான். அவள் சொல்கிறாள்: "கட்டுங்கள். ஊரே நடக்கட்டும். நான் மட்டும் நடக்க மாட்டேன்." அவள் முகம் அப்படியே நின்றது. சுந்தரவல்லி ஏதாவது ஒன்றை மனசுக்குள் முடிவு செய்துவிட்டால் இப்படித்தான் நிற்பாள். அவ்வளவுதான், படக்கென்று இருட்டு. எல்லா வீட்டிலும் மீட்டர் பெட்டி திறக்கும் சத்தம்.

"டேய், மாத்தாதீங்கடா!" என்று அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. மறுநாள் சாய்நாத் ஆபீஸுக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

புதன் காலை சோற்றின் முன்னால் உட்கார்ந்ததும் அவரே கேட்டார்.

"அப்புறம் இன்னாச்சு? நடக்க மாட்டேன்னிச்சே, அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

சுந்தரவல்லி கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீ பாத்தியா?"

"கொஞ்சூண்டு. ஜன்னல் வழியா."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "உன்னாண்ட நா எதுனா கேட்டுக்கீறேனா? ஒரு படத்துக்குப் போலாம்னு கேட்டுக்கீறேனா? கடைசி வாரம் மட்டும் லீவு போட்டுட்டு எம்பக்கத்துல குந்திப் பாருய்யா. பாலத்துல அவ நடக்கறத நா தனியா பாக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை லீவு கேட்டால் கிடைக்காது. மூன்று வாரம் ஹபீப் பின்னாலேயே சுற்றினார். கடைசியில் ஹபீப், அவருடைய மூன்று ஞாயிறு டூட்டியை வெள்ளைச்சாமி பார்ப்பதாக ஏற்பாடு செய்து, பதின்மூன்றாம் வாரம் அபிராமபுரத்தை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தின நாள் வெள்ளைச்சாமி தன் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். "நாளைக்கு ஒரு நா மட்டும் மாத்தாம இருங்க. ஏசியை எட்டு மணிக்குப் போட்டுக்குங்க. கடைசி வாரம், நல்லபடியா பாக்கணும் இல்ல?" விசாலாக்ஷி மாமி கூட, "பகவான் மேல ஆணை, தொடமாட்டேன்" என்றார்.

அந்தச் செவ்வாய் ஆறரைக்கே வெள்ளைச்சாமி குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தரையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். சுந்தரவல்லி தலையில் கதம்பம். அடுத்த போர்ஷன் ஷாகிரா வீட்டில் டிவி ரிப்பேர், அதனால் அவளும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் வூட்ல கீறாரு. இன்னிக்கு நம்ம தெருவுல கரண்டு போவுமா? போவறதுக்கு தைரியம் வருமா?" என்றாள் ஷாகிரா.

"வாய வெக்காத" என்று சிரித்தாள் சுந்தரவல்லி.

ஏழரை. தலைப்புப் பாட்டு. வெள்ளைச்சாமி அதுவரை அந்தத் தலைப்பையே பார்த்ததில்லை. ஆறு, படகு, ஒரு செண்பக மரம், எழுத்துக்கள். அவர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். பாலம் கட்டி முடிந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு ஊர் திரள்கிறது. திலகவதி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ரகுநாதன் பாலத்தின் அந்தக் கோடியில் தனியாக நிற்கிறான்.

"வருவா" என்றாள் சுந்தரவல்லி, தனக்குள்ளே சொல்வது போல.

ஏழு நாற்பத்தொன்றுக்குக் கரண்ட் போனது.

லைன் வீடு முழுக்க ஒரு "ஐயோ!" எழுந்தது. ஆனால் தெருவுக்கு எதிர்ச்சாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பேஸ்தான் போயிருக்கிறது. எதிர் வீட்டு டிவியில் வசனம் தெளிவாகக் கேட்டது. சுந்தரவல்லி உடனே எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வா, எதிர் வூட்ல போய் பாத்துக்கலாம். அந்தம்மா ஒண்ணும் சொல்லாது. வாய்யா, சீக்கிரம்!"

அப்போது போயிருக்கலாம். இருபதே அடி. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர் போகவில்லை.

"வயர்மேன் நா கீறச்சே, பொண்டாட்டிய இட்டுக்கினு அடுத்தவன் வூட்டு வாசல்ல நிக்கணுமா? ரெண்டே நிமிஷம். நீ குந்து."

தெருமுனைக்கு ஓடினார். எங்கள் தெரு பில்லர் பாக்ஸைத் திறந்தார். பியூஸ் கம்பி ஆபீஸ் பையில் அபிராமபுரத்தில் இருந்தது. கையில் இருந்தது வீட்டுக் கொடிக்கம்பியில் வெட்டிய ஒரு துண்டு மட்டும். போன லைனை ஓடுகிற லைனோடு அந்தத் துண்டால் இழுத்துக் கட்டினார். பன்னிரண்டு வாரமாக யார் யாரைத் திட்டினாரோ, அவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்ததைத் தனி ஆளாக ஒரே முறுக்கில் செய்தார். லைன் வீட்டில் விளக்கு வந்தது. ஆறு குடித்தனமும் கை தட்டியது.

அவர் மூச்சிரைக்க வந்து பாயில் உட்கார்ந்தபோது திலகவதி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டாள். ஷாகிரா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுந்தரவல்லி அவர் தோளில் கை வைத்தாள். திலகவதி படகைத் திரும்பிப் பார்த்தாள். பாலத்தை நோக்கி நடந்தாள். முதல் படி அருகில் வந்து நின்றாள்.

தெருமுனையில் வெடி போட்டது போல ஒரு சத்தம்.

இந்த முறை எதிர்ச்சாரியும் போனது. அடுத்த தெருவும் போனது. பில்லர் பாக்ஸுக்குள் தீ, வெளியே புகை, கேபிள் எரிகிற நாற்றம். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. வெள்ளைச்சாமிக்குப் பார்க்காமலே தெரிந்தது. இது ஐந்து நிமிஷ வேலை இல்லை. பிளாட்பாரத்தைத் தோண்டி, எரிந்ததை வெட்டி, புதிதாக ஜாயிண்ட் போட வேண்டும்.

ஜனம் தெருவில் கூடிவிட்டது. "யார்றா அது? எந்த முட்டாப்பய கை வெச்சான்?" என்று ஒருவர் கத்தினார். "ஆபீஸ்ல தூங்கினு இருப்பானுங்க" என்றார் இன்னொருவர்.

"ஆபீஸ்காரன் மேல தப்பில்ல. நான்தான் கட்டினேன்" என்றார் வெள்ளைச்சாமி.

கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டினார்கள். எதிர் வீட்டம்மா அழுதேவிட்டார். "எங்க வூட்ல நல்லா ஓடினு இருந்துச்சே, உனக்கு இன்னாய்யா கேடு?" என்று கேட்டார். வெள்ளைச்சாமி சுந்தரவல்லியைத் தேடினார். அவள் கூட்டத்தில் இல்லை.

அந்தப் பக்கத்து ஆபீஸ் ஆட்கள் வந்து தோண்ட ஆரம்பித்தார்கள். அவரும் வெளுத்த சட்டையோடு பள்ளத்தில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அபிராமபுரத்தில் டூட்டி முடித்துவிட்டு வந்த ஹபீபுர் ரஹ்மான் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றார்.

"உன் ஏரியால ஒரு தபா கூட போவல மச்சி. ஒருத்தர் கூட மாத்தல. அந்தப் பாட்டு மாமி வாசலுக்கே வந்து உனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொல்லிச்சு."

வெள்ளைச்சாமி மண்வெட்டியை மண்ணில் குத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாலு நாள் சுந்தரவல்லி பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், நகர்ந்துவிடுவாள். அவருக்கு மெமோ வந்தது, ஒரு வாரம் சஸ்பெண்ட் ஆனார். அது அவரை அவ்வளவாகத் தொடவில்லை. ஐந்தாம் நாள் அவளாக வாயைத் திறந்தாள்.

"பாத்தவங்களாண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்றியா?"

"இன்னா, சொல்லு."

"எங்கப்பாரு கட்டுமரத்துல ஏர்றதுக்கு முன்ன குனிஞ்சி கடல் தண்ணிய தொட்டுக் கண்ணுல ஒத்திப்பாரு. புக்குல திலகவதியும் படகுல ஏற சொல்ல அப்படித்தான் செய்வா. கடைசி பக்கத்துல, பாலத்துல ஏர்றதுக்கு முன்னால, பழக்க தோஷத்துல குனிஞ்சி மொதப் படிக் கல்லைத் தொட்டுக் கண்ணுல ஒத்திப்பா. ஒரே வரிதான். நா எட்டாவது படிக்கச்சே அத படிச்சிட்டு அழுதேன். இவனுங்க அத வெச்சானுங்களா, வுட்டுட்டானுங்களா? அது தெரிஞ்சா போதும் எனக்கு."

வெள்ளைச்சாமி கிளம்பினார். விசாலாக்ஷி மாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எப்படி நடந்து வந்தா தெரியுமோ! பின்னணியில நாதஸ்வரம், சுத்தமான கல்யாணி ராகம்!" குனிந்தாளா என்று கேட்டால், "நான் அவ மூஞ்சியை இல்லையோ பாத்துண்டிருந்தேன்" என்றார். சாய்நாத் புகாரை மறந்துவிட்டு நின்று யோசித்து, அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்ததாகச் சொன்னார். கொட்டிவாக்கத்தில் இருக்கும் ஷாகிராவின் அக்கா, குனிந்தாள், ஆனால் புடவைக் கொசுவத்தைத் தூக்கத்தான் என்றாள். ஹபீபின் வீட்டில், அவள் குனியவே இல்லை, ரகுநாதன்தான் குனிந்தான் என்றார்கள். பார்த்த அத்தனை பேருக்கும் அழுதது நினைவிருந்தது. எதைப் பார்த்து அழுதார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

அவர் இதையெல்லாம் வந்து சொன்னார். சுந்தரவல்லி கேட்டுக்கொண்டாள். "சரி வுடு" என்றாள். அந்த 'சரி' தாங்காமல் அவர் மறுநாளும் கிளம்பினார். ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு வரை தெரிந்தவர், தெரியாதவர் என்று கேட்டார். இரண்டு வருஷம் ஆகிறது. பியூஸ் போடப் போகிற வீட்டிலெல்லாம் இன்னமும் கேட்கிறார். சிலர் சிரிக்கிறார்கள். அந்தத் தொடரை மறுபடி போடவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். உங்களில் யாராவது அந்தப் பதின்மூன்றாம் வாரத்தை வீடியோ கேசட்டில் பிடித்து வைத்திருக்கலாம். உங்களிடம் இல்லாவிட்டாலும், இதைப் படித்ததும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர்களை இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள். கேசட் இருக்கிறவர் காதில் என்றாவது விழட்டும். கேசட்டைத் தர வேண்டாம். ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பாலத்தின் முதல் படியில் அவள் குனிந்து தொட்டாளா என்று மட்டும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடுங்கள். மந்தைவெளி, வயர்மேன் வெள்ளைச்சாமி வீடு, சுந்தரவல்லி என்று போட்டால் போதும். தபால்காரருக்குத் தெரியும்.